சூளை திறக்குமுன் தெரிய வேண்டியவை

செராமிக் பட்டறையில் தவறு நடக்கும் நாள் ஒன்று, அது கண்ணில் படும் நாள் வேறொன்று. திங்கட்கிழமை அச்சில் ஊற்றிய களிமண் கூழில் தண்ணீர் கொஞ்சம் கூடிப் போயிருக்கும். புதன்கிழமை கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டும்போது ஒட்டுமிடம் காய்ந்து போயிருக்கும். கண்ணாடிப் பூச்சான கிளேஸில் முக்குவதற்கு முன் எண்ணெய்ப் பசையுள்ள விரல் ஒன்று மேலே பட்டிருக்கும். அந்த நேரத்தில் எதுவும் வெளியே தெரியாது. சூளையில் அடுக்கி, 1,200 டிகிரிக்குப் பக்கமாகச் சூடேற்றி, ஆறவிட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் விரிசலும் கிளேஸ் விலகிய வழுக்கையும் பல்லைக் காட்டும். ஆறும்போதும் ஆபத்து உண்டு. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் தன் அமைப்பை மாற்றிச் சட்டென்று சுருங்கும். அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால், அதுவரை எல்லாம் சரியாகச் செய்த கைகளின் உழைப்பும் வீணாகும்.

ஒரு குழுவை நடத்துபவருக்கு என்னென்ன பழக்கங்கள் வேண்டும் என்று கேட்டு உலகெங்கும் நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சிகளை விருத்தாசலத்துச் சூளையின் முன் வைத்துப் படித்தால் ஒரு பழக்கம் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிறது. கெட்ட செய்தி தன்னிடம் சீக்கிரம் வந்து சேரும்படி நடந்துகொள்வது, வந்ததை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது. இக்கட்டுரை சொல்ல வருவதும் அதைத்தான்.

திருமுதுகுன்றம் என்ற பழம்பெயரும், பழமலைநாதர் கோயிலும், மணிமுத்தாறும் கொண்ட விருத்தாசலம், விழுப்புரம்–திருச்சி ரயில் பாதையும் கடலூர்–சேலம் பாதையும் சந்திக்கும் ஊர். பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரி எடுக்கத் தோண்டும் இடத்திலேயே செராமிக் தொழிலுக்கு உகந்த களிமண்ணும் கிடைக்கிறது. மண்ணும் ரயிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் அரசின் செராமிக் மையமும் அதையொட்டித் தொழிற்பேட்டையும் இங்கே வளர்ந்தன. செராமிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு தரும் அரசுப் பயிலகம் இங்கே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் டான்செம் நிறுவனத்தின் ஸ்டோன்வேர் பைப் ஆலையும் இவ்வூரில்தான் அமைந்தது. தனியார் பட்டறைகளில் கொலு பொம்மை, கார்த்திகை அகல், கோப்பை, மின்சாரத்துக்கான ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர் என்று பலவும் செய்தார்கள், செய்கிறார்கள்.

இவற்றில் சில பொருள்களின் காலம் சுருங்கி வருகிறது. வீடுகளில் எம்.சி.பி. சுவிட்ச் வந்த பிறகு பீங்கான் ஃபியூஸ் கட்டைக்குத் தேவை குறைந்தது. மின்கம்பங்களில் பாலிமர் இன்சுலேட்டர் ஏறிவிட்டது. கோப்பைக்குக் குர்ஜா, டைல்ஸுக்கு மோர்பி என வடக்கே பெரிய செராமிக் ஊர்கள் இருக்கின்றன. மண்ணின் விலையும் எரிபொருளின் விலையும் பட்டறைக்காரர் கையில் இல்லை. சூளையிலிருந்து எத்தனை உருப்படி முழுதாக வெளியே வருகிறது என்பது மட்டும் ஓரளவு அவர் கையில் இருக்கிறது. குழுவை நடத்தும் முறை இங்கே வெறும் நாகரிகப் பேச்சாக நின்றுவிடாமல் பிழைப்பையே தொடுவது இதனால்தான்.

இப்படிப்பட்ட சிறு பட்டறையில் 'மேலாளர்' என்ற பெயர்ப்பலகையோடு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. முதலாளி இருப்பார், மேஸ்திரி அல்லது சூப்பர்வைசர் இருப்பார், அவருக்குக் கீழே பத்து இருபது பேர் வேலை செய்வார்கள். பெரும்பாலும் நல்ல கைவேலைக்காரர் ஒருவரைத்தான் மேஸ்திரி ஆக்குவார்கள். மண்ணின் குணம் அவர் விரல் நுனியில் இருக்கும். பத்துப் பேரை எப்படி நடத்துவது என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். தனக்கு மேலிருந்த மேஸ்திரி எப்படிக் கத்தினாரோ அப்படியே அவரும் கத்துவார்.

இந்த வழக்கத்துக்குக் கோட்பாடு போலவே ஒன்றை 1911இல் அமெரிக்காவில் ஃபிரடெரிக் டெய்லர் எழுதி வைத்தார். யோசிப்பது மேலே இருப்பவர் வேலை, செய்வது கீழே இருப்பவர் வேலை என்பது அதன் சாரம். 1924 முதல் 1932 வரை சிகாகோ அருகே ஹாத்தார்ன் ஆலையில் நடந்த சோதனைகள் அந்த எண்ணத்தை அசைத்தன. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கத் தொடங்கியவர்கள், தொழிலாளரைக் கவனிப்பதும் அவர்களிடம் பேசுவதுமே வேலையைப் பாதிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தச் சோதனைகளின் கணக்கு சரியா என்பதில் இன்றும் சண்டை உண்டு. அதற்குள் போக வேண்டியதில்லை. நமக்கு 1973இல் மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் வெளியிட்ட நூல்தான் அதிகம் உதவும். ஐந்து நிறுவனத் தலைவர்களின் பக்கத்திலேயே இருந்து அவர்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று அவர் குறித்து வைத்தார். அமைதியாக உட்கார்ந்து திட்டமிடும் தலைவர் யாரும் அதில் தென்படவில்லை. சில நிமிடம் இது, சில நிமிடம் அது, இடையில் தொலைபேசி, பெரும்பகுதி பேச்சு என்று துண்டு துண்டாகப் போயிற்று அவர்கள் நாள். தலைவர்களுக்கே நிலைமை இதுவென்றால், ஒரு கண் மண் அரைக்கும் பால் மில்லிலும் ஒரு கண் சூளையிலும் வைத்திருக்கும் மேஸ்திரிக்கு யோசித்து நடக்க நேரம் ஏது? பழக்கமாகிப் போனதைத்தான் அவர் செய்வார். அதனால்தான் பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இனி கெட்ட செய்திக்கு வருவோம். 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் செவிலியர் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. எண்கள் தலைகீழாக வந்தன. நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அந்தப் பிரிவுகளில் இருந்தவர்கள் பயமில்லாமல் தவறைச் சொன்னார்கள். மற்றப் பிரிவுகளில் தவறு நடந்தது, யாரும் வாய் திறக்கவில்லை. 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை, சொன்னால் அவமானப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை உள்ள குழுவே கற்றுக்கொள்கிறது என்று காட்டியது. பின்னால் கூகுள் நிறுவனம் தன் 180 குழுக்களை ஆராய்ந்தபோதும் இந்த நம்பிக்கையே முதலிடத்தில் வந்தது.

மருத்துவமனையும் கூகுளும் எங்கே, நம் ஊர்ப் பட்டறை எங்கே என்று கேட்கலாம். செராமிக்கில் இந்த உண்மைக்குப் பண மதிப்பே உண்டு. சூளைக்குப் போகாத மண் உருப்படியில் குறை கண்டால் அதை உடைத்து ஊறப்போட்டுத் திரும்பக் கூழாக்கிவிடலாம். நட்டம் கொஞ்ச நேர வேலைதான். அதே உருப்படி வெந்து வந்துவிட்டால் திரும்ப மண்ணாகாது. மண், கிளேஸ், எரிபொருள், சூளையில் அது அடைத்துக்கொண்ட இடம், நான்கும் போனது போனதுதான். அச்சு வேலை செய்யும் பெண், "அண்ணே, இந்த அச்சு தண்ணி இழுக்கல, ஊத்துறது சரியாப் பிடிக்கல" என்று திங்கட்கிழமையே சொன்னால் ஈரம் ஊறிய அந்தப் பிளாஸ்டர் அச்சை வெயிலில் காயவைத்தால் போதும். அவர் சொல்லாமல் விட்டால் அந்த வாரத்து உருப்படிகள் முழுவதும் சந்தேகம்.

அவர் ஏன் சொல்லாமல் விடுகிறார்? முன்பு ஒருமுறை சொன்னபோது, "ஒனக்கு வேலை செய்யத் தெரியல, அச்சு மேல பழி போடுற" என்று பத்துப் பேர் முன்னால் கேட்க வேண்டி வந்திருக்கும். அதைவிடப் பெரிய காரணம் கூலி முறை. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குபவர் தன் உருப்படியில் குறையைத் தானே காட்டினால் தன் கூலியைத் தானே வெட்டிக்கொள்கிறார். பேசாமல் அடுக்கில் வைத்துவிட்டால் குறை யாருடையது என்று சூளை திறந்த பிறகு யாருக்கும் தெரியாது. இந்த நிலையில் மேஸ்திரி எத்தனை இனிமையாகச் சிரித்தாலும் உண்மை வராது. சூளைக்குப் போகுமுன் தொழிலாளி தானாக எடுத்து வைக்கும் குறை உருப்படிக்குக் கூலி பிடிப்பதில்லை என்று ஒரு விதி வேண்டும்; அதை மாதக் கடைசியிலும் மீறாத மேஸ்திரி வேண்டும். மேலாண்மை பற்றிய பல புத்தகங்கள் கனிவைப் பேசி, கூலியைப் பேசாமல் விட்டுவிடுகின்றன. அது பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன்.

இந்தியாவிலேயே இந்தக் கேள்விக்கு அருமையான ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையின் தலைவர் கௌதம் சாராபாய், லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸை அழைத்தார். புதிதாகத் தானியங்கித் தறிகள் போட்டும் நெசவு எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ரைஸ் பார்த்தபோது தறிக்கூடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வேலை இருந்தது. ஒருவர் நூல் முடிவார், ஒருவர் எண்ணெய் விடுவார், ஒருவர் பெருக்குவார். எந்தத் தறியும் எந்தக் குழுவின் பொறுப்பிலும் இல்லை. ஒரு குறிப்பிட்ட தறி வரிசையை ஒரு சிறு குழுவிடம் முழுமையாக ஒப்படைக்கலாம் என்ற யோசனையை அவர் முன்வைத்தார். தொழிலாளர்களே அதைப் பிடித்துக்கொண்டு தங்களுக்குள் குழு சேர்த்தார்கள். தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது, பிறகு உற்பத்தி உயர்ந்தது, சேதத் துணி குறைந்தது. 1970இல் டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தபோது ஒரு தறிக்கூடத்தில் அந்த முறை உயிரோடு இருந்தது. மற்ற இடங்களில் பழைய முறைக்கே திரும்பியிருந்தார்கள். நல்ல ஏற்பாடும் கவனிக்க ஆளில்லாவிட்டால் தேய்ந்துபோகும்.

செராமிக் பட்டறையும் அந்தத் தறிக்கூடம் போலத்தான் துண்டுபட்டுக் கிடக்கிறது. மண் கலக்குபவர் சூளை திறப்பதைப் பார்ப்பதில்லை, கிளேஸ் போடுபவருக்கு அச்சு வேலை தெரியாது. விரிசல் வந்தால் ஒருவர் அடுத்தவரைக் கைகாட்டுவார். சூளை திறக்கும்போது கூழ் கலக்கியவரையும் அச்சு ஊற்றியவரையும் கிளேஸில் முக்கியெடுத்தவரையும் அடுக்கியவரையும் ஒன்றாக அழைத்து, உடைந்ததை எல்லோரும் கையில் எடுத்துப் பார்க்க வைக்கும் மேஸ்திரி, ரைஸின் பெயரைக் கேள்விப்படாமலே அவர் சொன்னதைச் செய்கிறார். உடைசலைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது பேசும். சூடேறும்போது வந்த விரிசலின் விளிம்பை உருகிய கிளேஸ் மழுக்கியிருக்கும். ஆறும்போது வந்ததன் விளிம்பு கத்தி போலக் கூர்மையாக இருக்கும். இதை மேஸ்திரி தனக்குள் வைத்துக்கொள்ளாமல் குழு முழுவதற்கும் கற்றுக்கொடுத்தால், பழி சொல்லும் பேச்சு காரணம் தேடும் பேச்சாக மாறும்.

பார்த்ததை எழுதி வைப்பது அடுத்தது. பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவர் கூட்டாளிகளும் மும்பைக்கு அருகே உள்ள துணி ஆலைகளில் நடத்திய சோதனை 2013இல் வெளியானது. 17 நிறுவனங்களில் சிலவற்றுக்கு மட்டும் ஆலோசகர்களை இலவசமாக அனுப்பி, 38 அடிப்படை வழக்கங்களைப் புகுத்தினார்கள். குறையைத் தினமும் பதிவது, அதை வைத்துத் தினமும் கூடிப் பேசுவது, கூடத்தைச் சுத்தமாக வைப்பது, சரக்கிருப்பை எழுதுவது என்று எல்லாம் எளிய வழக்கங்கள்தான். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது. இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், தங்கள் ஆலை நன்றாகவே நடப்பதாக முதலாளிகள் நம்பியிருந்தார்கள். பல ஆண்டு கழித்து 2017இல் போய்ப் பார்த்தபோது அந்த வழக்கங்களில் ஏறக்குறையப் பாதி கைவிடப்பட்டிருந்தது. மேலாளர் மாறியதும், முதலாளிக்கு நேரமில்லாமல் போனதும் முக்கியக் காரணங்கள். ஆனாலும் ஆலோசனை பெற்ற ஆலைகள் மற்றவற்றைவிட மேலாகவே இருந்தன.

நம் பட்டறைக்கு 38 வேண்டாம், ஒரு சூளை நோட்டு போதும். எந்தத் தேதி அடுக்கியது, எந்தக் கலவை, எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி, எப்போது திறந்தது, எத்தனை முழுசு, எத்தனை பழுது, என்ன பழுது. பழுதுக்கு எதிரே ஆள் பெயர் எழுதக் கூடாது, வேலைக் கட்டத்தின் பெயரை எழுத வேண்டும். பெயர் எழுதும் நோட்டில் மூன்றாம் வாரமே பொய் ஏறத் தொடங்கும்.

மேஸ்திரிக்குத் தொழில் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கூகுள் தன் நல்ல மேலாளர்களின் எட்டுக் குணங்களை வரிசைப்படுத்தியபோது தொழில்நுட்பத் திறன் எட்டாவதாக, கடைசியில் வந்தது. ஆர்ட்ஸ், குடால், ஆஸ்வால்ட் மூவரும் அமெரிக்க, பிரிட்டன் தொழிலாளரின் விவரங்களை ஆராய்ந்து, தொழிலாளியின் வேலையைத் தானே செய்யத் தெரிந்த மேலாளரின் கீழ் இருப்பவர்களே அதிக மனநிறைவோடு இருக்கிறார்கள் என்றார்கள். செராமிக்கைப் பொறுத்தவரை நான் இரண்டாம் கட்சி. கூகுளில் தொழில் தெரியாதவர் மேலாளர் நாற்காலிக்கு வருவதே அரிது. எல்லோருக்கும் இருப்பது பட்டியலில் கடைசிக்குப் போவது இயல்பு. அச்சு ஏன் தண்ணீர் இழுக்கவில்லை என்று தெரியாத மேஸ்திரியிடம் அச்சைப் பற்றிய கெட்ட செய்தியைச் சொல்லி என்ன பயன்? கேட்கும் காதோடு சரிசெய்யும் கையும் இருந்தால்தான் மறுமுறை சொல்ல வருவார்கள்.

அதிகம் பேசப்படாத ஒரு பழைய ஆய்வை இங்கே கொண்டுவர விரும்புகிறேன். 1952இல் டொனால்ட் பெல்ஸ், டெட்ராய்ட் எடிசன் மின் நிறுவனத்தில் சூப்பர்வைசர்களை ஆராய்ந்தார். தொழிலாளர் பக்கம் நிற்கும் சூப்பர்வைசரின் கீழ் மனநிறைவு கூடும் என்று எதிர்பார்த்தார். சிலருக்குக் கீழ் கூடியது, சிலருக்குக் கீழ் கூடவே இல்லை. மேலிடத்தில் தன் சொல் எடுபடும் சூப்பர்வைசரின் ஆதரவு மட்டுமே பலித்தது. சொல் எடுபடாதவர் ஆதரவாகப் பேசப் பேச ஏமாற்றமே மிஞ்சியது.

கார்த்திகைக்கு முந்தைய வாரங்களை நினைத்துப் பாருங்கள். அகலுக்கு ஆர்டர் குவிகிறது, வியாபாரி தொலைபேசியில் நெருக்குகிறார், ஐப்பசி மழையில் மண் காயவில்லை. ஈரம் உள்ளிருக்கும் உருப்படியைச் சூளையில் ஏற்றினால் நீராவி அதைப் பிளக்கும். இது அடுக்குபவருக்குத் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். "இன்னும் ரெண்டு நாள் காயணும் முதலாளி, இப்ப ஏத்தினா பாதி தேறாது" என்று சொல்லும் துணிவும், அதைக் காதில் வாங்கும் முதலாளியும் இருந்தால்தான் கீழே இருப்பவர் வாய் திறப்பார். முதலாளி தன் மேஸ்திரியை எல்லோர் முன்னிலையிலும் திட்டும் பட்டறையில் மேஸ்திரிக்கு எந்த நல்ல பழக்கமும் ஒட்டாது. குழுத் தலைவரின் பழக்கங்களைப் பற்றிய கேள்வி பாதிக்குமேல் முதலாளியைப் பற்றிய கேள்வி.

கேட்பதற்கு எல்லையும் உண்டு. பெங்களூரு சாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆடை ஆலைகளில் அச்யுதா அத்வர்யுவும் கூட்டாளிகளும் நடத்திய ஆய்வு இது. எதிர்பார்த்த அளவு ஊதிய உயர்வு வராத வேளையில், தொழிலாளரில் ஒரு பகுதியினரிடம் மட்டும் வேலை, ஊதியம், மேற்பார்வையாளர் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போவது ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. கேட்பதற்கு இத்தனை வலிமை இருப்பது மகிழ்ச்சி தருகிறது, கவலையும் தருகிறது. கூலி உயர்வுக்குப் பதிலாகக் காது கொடுத்தால் போதும் என்று யாராவது இதிலிருந்து எடுத்துக்கொண்டால் அது அநியாயம். கேட்டதற்குப் பதில் வராவிட்டால் அடுத்த முறை கேட்கும்போது யாரும் பேச மாட்டார்கள்.

யார் பேச முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பொம்மைக்கு வண்ணம் தீட்டுவதிலும் அச்சு வேலையிலும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். மேஸ்திரி பெரும்பாலும் ஆண். பல பத்தாண்டு அனுபவம் உள்ள அக்காவை "ஏம்மா" என்று ஒருமையில் அதட்டும் இளைஞனிடம் அவர் மண்ணைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல மாட்டார். சாதியின் பேரிலும் இந்த மௌனம் விழுவதுண்டு. மரியாதையான விளி, முதலில் பேசாதவரிடம் தனியாகப் போய்க் கேட்பது, சொன்னவர் பெயரைச் சொல்லி எல்லோர் முன்னும் பாராட்டுவது ஆகிய மூன்றும் செலவில்லாதவை.

எல்லாவற்றிலும் தாமதமாக வெளிவரும் கெட்ட செய்தி தூசி. குவார்ட்ஸ் தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவருக்கு நுரையீரல் தழும்பேறி சிலிக்கோசிஸ் வரும். அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. காய்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் தெளித்துத் துடைக்க வைப்பது, பால் மில்லில் தூள் கொட்டும் இடத்தில் முகமூடி இல்லாதவரை நிற்க விடாதது, நாள்பட்ட இருமலைக் கேட்டதும் மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவை மேஸ்திரியின் அன்றாடப் பழக்கமாக வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிக்குத்தான் முடியும் என்று சொல்வதற்குத் தமிழ்நாட்டில் இடமில்லை. 1998இல் சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்காகத் தரப்படும் டெமிங் பரிசை இந்தியாவில் முதலாவதாகப் பெற்றது. 2002இல் டிவிஎஸ் மோட்டார் பெற்றது. குறையை மறைக்காமல் எழுதுவதும், அதை வைத்துச் சிறு குழுக்களாகப் பேசுவதும் அந்தத் தர முறையின் வேர். அதற்கு இயந்திரம் வேண்டியதில்லை.

மேஸ்திரிகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஓர் எளிய வழி முன்பே சோதிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஆலை மேஸ்திரிகளுக்கு மூன்று குறும் பயிற்சிகள் நடத்தியது. வேலையைக் கற்றுக்கொடுப்பது எப்படி, ஆட்களோடு நடந்துகொள்வது எப்படி, வேலை முறையைச் செம்மைப்படுத்துவது எப்படி என்பவை அவை. ஒவ்வொன்றும் பத்து மணி நேரம். போருக்குப் பின் ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது. அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பித்த 11,575 அமெரிக்க நிறுவனங்களின் கணக்கைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், பயிற்சியின் பலன் பல ஆண்டு நீடித்ததைக் கண்டார்கள்.

விருத்தாசலத்தில் மண்ணைக் கற்றுத்தரப் பயிலகம் இருக்கிறது, சூளைக்கு உதவ அரசு மையம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மேஸ்திரிகளுக்கு அப்படியொரு பத்து மணி நேரப் பயிற்சியைத் தமிழில், பட்டறைக்குள்ளேயே, ஐந்து மாலைகளில் நடத்தலாம். பட்டறை முதலாளிகள் அந்த நேரத்துக்கான கூலியைக் கொடுத்து அனுப்ப வேண்டும். முதல் மாலை அவர்களும் வந்து உட்கார வேண்டும். அடுத்த கார்த்திகை ஆர்டர் வருவதற்கு முன்பே இதைத் தொடங்கும்படி அந்த ஊர்த் தொழில்முனைவோரையும், பயிலகத்தின் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.